குறை சொல்லி விற்ற கார்

எங்கள் தெருமுனையில் இரும்புக்கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் ஆணி வாங்கப் போனால், ஆணியோடு அதன் குறையையும் சேர்த்துத்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். "மாமரப் பலகையில எறங்கும் தாயி. தேக்குல அடிச்சீகன்னா தலை வளைஞ்சிரும். பெறகு என்னய வையக்கூடாது." நான் ஆணி அடிக்கப்போவது சுவரில். அதைச் சொன்னால், "சுவத்துலயா? அப்ப இது வேணாம்" என்று பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். தேனிக் கடைவீதியில் வாடிக்கையாளர் கையிலிருந்து சரக்கைத் திருப்பிப் பிடுங்கிய வியாபாரி அவர் ஒருவர்தான்.

பெயிண்ட் வாங்க வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். மலிவான பச்சை பெயிண்ட் டப்பாவைக் கையில் எடுத்தாலே போதும், "அது ரெண்டு கோடைக்கு நிக்காது, வெளுத்து வாந்தி எடுத்த மாதிரி ஆயிரும்" என்று அங்கேயிருந்தே சத்தம் போடுவார். "அப்ப எதுக்கு வச்சிருக்கீக?" என்று கேட்டால், "கேக்குறாகளே, இல்லன்னு பொய் சொல்லவா?" என்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளேயிருந்து அவர் சம்சாரம், எங்களுக்கெல்லாம் மதினி, பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் சத்தம் கேட்கும். அது அண்ணாச்சிக்கான பதில்.

அண்ணாச்சி போகிற வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், வருஷா வருஷம் அறுப்புப் பண்டிகை ஏலம் நடக்கும். சபை ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கிற கோழி, வாழைத்தார், பூசணிக்காய் எல்லாவற்றையும் ஏலம் போட்டுக் காணிக்கையில் சேர்ப்பார்கள். நாங்கள் சாமி கும்பிடுகிற வீடுதான். ஆனாலும் ஏலத்துக்கு ஒரு தடவைகூடத் தப்பாமல் போவேன். வாழைத்தாருக்காக என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன், உண்மையில் அண்ணாச்சி ஏலம் விடுகிற அழகைப் பார்க்கத்தான். குரல் கணீரென்று இருக்கும் என்பதால் அவரையே மேடையில் ஏற்றிவிடுவார்கள். ஒரு வருஷம் ஒரு சிவப்புக் கோழியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இது முட்ட வைக்கிறத நிறுத்தி மாசக் கணக்காச்சு. அடைகாக்கவும் லாயக்கில்ல. பக்கத்துல போனா கொத்தும். கேக்குறவுக கேளுங்க!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "யார் குடுத்த கோழி அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள். "வேற யாரு, நாந்தான்." மதினி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கோழியைப் போட்டி போட்டுக் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எல்லா நேரமும் சிரித்துவிட்டுப் போக முடிவதில்லை. அவர் மகளை முதல்முதலாகப் பெண் பார்க்க வந்தவர்கள் நல்ல இடம். பையன் மதுரையில் வேலை. காபி குடித்து, பெண்ணைப் பிடித்து, தேதி குறிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைக்கு மார்கழியில மூச்சு இளைப்பு வரும். ரெண்டு மாசம் படுத்தும். பெறகு சரியாயிரும். தெரிஞ்சுக்கிட்டுச் செய்யுங்க" என்றார். அவர்கள் தெரிந்துகொண்டு எழுந்து போனார்கள். அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன், காபி கலந்து கொடுக்கப் போயிருந்தேன். மதினி ஒப்பாரி வைக்காத குறை. "கடை முழுக்கப் பூட்டா தொங்குது, ஒங்க வாய்க்குன்னு ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிற மாட்டீகளா?" என்றார். அந்தப் பெண் அடுப்படியில் உட்கார்ந்து அழுதது இன்றைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது, அங்கேயும் சொல்லித்தான் கொடுத்தார் என்றாலும், முதல் இடத்தை மதினி மறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நாங்கள் கார் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் உத்தமபாளையம் கோர்ட்டில் கிளார்க். தினமும் தேனியிலிருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவர், எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தொற்றப் போய்க் கீழே விழுந்தார். இடது முட்டி நொறுங்கிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு கால் ஊன்ற முடிந்தது, மடக்க முடியவில்லை. கம்பு மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. கம்பம் பஸ் நிற்கிற நேரத்துக்குள் அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏறுவதெல்லாம் நடக்காத காரியம். உத்தமபாளையத்துக்கே குடிபோகலாம் என்றால் மாமனார் படுத்த படுக்கை, இருப்பது சொந்த வீடு. லீவை நீட்டி நீட்டிக் கடைசியில், கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறக்கும் அன்று வந்து சேராவிட்டால் உடம்பு லாயக்கில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற இடத்துக்கு வந்துவிட்டது.

சம்பளம் போவதைவிட அவர் போய்க்கொண்டிருந்த போக்குதான் எனக்குப் பயமாக இருந்தது. நாள் தவறாமல் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போகிற மனிதர். இப்போது தாடியோடு ஈசிசேரில் சாய்ந்துகொண்டு, நான் புளிக்குக் கொட்டை எடுத்தால் கூடவே எடுத்துக்கொண்டிருந்தார். "இந்த வேலையாச்சும் ஒழுங்கா வருதே" என்று அவர் ஒருநாள் சொன்னபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய மாமாவின் ரைஸ்மில் வேனை ஓட்டிப் பழகியவர், லைசென்சும் இருந்தது. ஒரு பழைய கார், எங்கள் சக்திக்கு ஏற்றது, தினமும் போய்விட்டுத் திரும்புகிற மாதிரி ஒன்று கிடைத்தால் வேலை கைவிட்டுப் போகாது. அதற்காக என் வளையலைக் கழற்றவும் தயாராக இருந்தேன். அண்ணாச்சியிடம் சொன்னதும், "பாப்போம் தாயி, பாத்துப் பாத்துத்தான் வாங்கணும்" என்று தன்னுடைய வண்டியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை மேலே தேயிலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன சின்னக் கார், கரும்பச்சை நிறம். பின்சீட்டில் எப்போதும் பெயிண்ட் டப்பாவும் ஆணி மூட்டையும்தான் உட்கார்ந்திருக்கும். ஏறினால் டர்பன்டைன் வாடை தலையைச் சுற்றும். ஊரில் யாரும் அதைக் கார் என்றே சொல்வதில்லை, கடை வண்டி என்றுதான் சொல்வார்கள். டப்பாக்களை இறக்கிவிட்டு, என் வீட்டுக்காரரைப் பின்சீட்டில் குறுக்காக உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்வார். நான் முன்னால்.

முதலில் போடிக்குப் போனோம். ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கார். சாவியைத் திருப்பினதும் உறுமாமல் கனைக்காமல் பூப்போல ஸ்டார்ட் ஆனது. என் வீட்டுக்காரர் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சம். அண்ணாச்சி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"காலையில எங்கயும் போய்ட்டு வந்தீகளோ?"

"இல்லையே, நீங்க வருவீகன்னு அப்பிடியே நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார் வியாபாரி.

"அப்பிடியா? கொதிக்குதே. நாங்க நாளைக்கு விடியக்காலையில வர்றோம். ஆறின வண்டிய நாங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறோம்."

விடியற்காலையில் வரவேண்டாம் என்று வியாபாரி ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். அது சரி, அதில் அண்ணாச்சி மேல் எனக்கு மரியாதைதான். அடுத்தது சின்னமனூரில் ஒன்று. அது போடிமெட்டு மலையில் வருஷக்கணக்காய் ஏறி இறங்கின வண்டி, கிளட்சை மிதித்தால் உரலை நகர்த்துகிற மாதிரி இருந்தது. மடங்காத காலை வைத்துக்கொண்டு இடுப்பால்தான் மிதிக்க வேண்டும், இந்த மனிதருக்கு இடுப்பும் போய்விடும் என்றார் அண்ணாச்சி. அதுவும் சரி. இன்னொன்றில் சீட்டைப் பின்னால் தள்ளவே முடியவில்லை, கால் உள்ளே நுழையவில்லை. இப்படியே மே மாதம் பாதி போய்விட்டது.

தேவதானப்பட்டியில்தான் வினை வந்தது. அங்கே இருந்த காருக்குத் தரகர், மாட்டுச் சந்தையில் மாடு பிடித்துக் கொடுக்கிறவர். கார் வியாபாரத்துக்கும் இறங்கியிருந்தார். பழக்கம் மட்டும் மாறவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தட்டி, "சுழி சுத்தம் சார், ஒரு தப்புச் சுழி கெடையாது" என்றார். மாட்டுத் தோலில் பார்க்கிற மயிர்ச்சுழி காருக்கு எங்கே இருக்கிறது என்று நான் தேடினேன். நீலக் கலரில் பளபளவென்று இருந்தது வண்டி. என் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்தார், கிளட்ச் இலகு, சீட்டும் தள்ளுகிறது. விலை பேசலாம் என்றதும் தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வீட்டுக்காரர் கையின் மேல் போட்டார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவது சந்தை வழக்கம். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது, விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் மட்டும் தெரியும். கோர்ட் கிளார்க்குக்கு விரல் பாஷை எங்கே தெரியும்? தரகர் பிடித்த விரலையெல்லாம் மரியாதைக்கு இவரும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். தரகர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

அண்ணாச்சி சட்டென்று துண்டை உருவிவிட்டார்.

அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். விலை பேசுகிற கையின் மேலிருந்து துண்டை எடுப்பது அவ்வளவு பெரிய அவமரியாதை. "பெரிய மனுசன் செய்ற வேலையாய்யா இது?" என்று தரகர் எகிறினார்.

"கோவிக்காதீக. வெலைய மூடி வச்சுப் பேசலாம், குறைய மூடி வச்சுப் பேசக்கூடாது" என்றார் அண்ணாச்சி. பிறகு காரின் கதவடியில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். நீலப் பெயிண்ட் ஆடை மாதிரி உரிந்து வந்தது. அதற்குக் கீழே பள்ளம் நிரப்புகிற மக்கு, மக்குக்குக் கீழே துரு, துருவுக்குக் கீழே ஒன்றுமில்லை, ஓட்டை. "இந்தப் பெயிண்டு எங் கடையில வாங்கினது. மக்கும் எங் கடைதான். போன மாசம் ஒரு பையன் வந்து வாங்கிட்டுப் போனான். வண்டிக்கு அடிக்காத, நிக்காதுன்னு அவங்கிட்டயே சொன்னேன்."

திரும்பினோம். வைகை அணைப் பக்கமாக வரும்போது என் வீட்டுக்காரர், "போதும். எழுதிக் குடுத்துர்றேன். வீட்லயே இருக்கேன்" என்றார். அவர் அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, ஒங்க வாயால பெத்த மகளுக்கு வந்த நல்ல எடம் போச்சு. இப்ப எங்களுக்கும் ஒண்ணும் அமையவிட மாட்டீக போல! ஒலகத்துல குறையில்லாத வண்டி எங்க இருக்கு? பழைய வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும். கோர்ட்டு தெறக்க இன்னும் ஒரு வாரந்தான் கெடக்கு. இந்த மனுசன் வீட்ல ஒக்காந்து புளி ஆஞ்சுக்கிட்டு இருக்கிறத நீங்களா வந்து பாக்கப் போறீக?"

மகளைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொல்லிவிட்டேன், அப்போது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அண்ணாச்சி தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு, "குறையில்லாத வண்டி இல்ல தாயி. குறை தெரிஞ்ச வண்டி வேணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் பச்சைக் கார் வாசலில் நிற்கிறது. கழுவித் துடைத்து, பெயிண்ட் டப்பா ஒன்றுகூட இல்லாமல். அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"கிளார்க் சார், இது வேணுமான்னு பாருங்க. ஆனா சொல்றத முழுசாக் கேட்டுக்கிருங்க" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். "இடது பக்கக் கதவு உள்ளேருந்து தெறக்காது, வெளிய இருந்துதான் தெறக்கணும். பெட்ரோல் முள்ளு செத்துப்போச்சு, இந்தா, இந்த மூங்கிக் குச்சிய விட்டுத்தான் பாக்கணும். மழ பேஞ்சா ஒங்க வலது தோளுல சொட்டும். நான் தாரு வச்சு அடைச்சேன், வெயிலுக்குத் தாரு உருகி மறுபடியும் சொட்டுது. ரெண்டாவது கியர் கையெடுத்தா நழுவிரும், புடிச்சுக்கிட்டே இருக்கணும். வீரபாண்டி தாண்டி ஒரு மேடு இருக்குல்ல, அங்கன பின்னாடி வர்ற பஸ்காரன் ஹாரன் அடிச்சு உசிர வாங்குவான். நீங்க காதுல போட்டுக்கிறக் கூடாது, இது அதுக்கு மேல வேகம் போகாது."

"அம்புட்டுத்தானா?" என்றேன் நான், நக்கலாகத்தான்.

"இரு தாயி, பெருசு இனிமேத்தான். இஞ்சின் சூடா இருக்கும்போது நிறுத்தினா செல்ஃப் எடுக்காது. ஆறணும். நடுவழியில டீ குடிக்க நிறுத்தினீகன்னா அங்கனயேதான். இதுனாலதான் நான் நேத்து வரைக்கும் இதப் பத்திப் பேசல. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். சார் காலையில கோர்ட்டுல போய் நிறுத்தினா சாயந்தரந்தான் எடுக்கப்போறாக. அதுக்குள்ள ஆறிருமே."

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துப் போட்டார். சீட் பின்னால் போனது. முட்டி எதிலும் இடிக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு தள்ளு தள்ளினார், கிளட்ச் சும்மா இறங்கியது. இதில் ஒன்றையும் அண்ணாச்சி சொல்லவில்லை, கவனித்தீர்களா? நல்லதாக ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை.

"குறையெல்லாம் சொல்லிட்டீக. நல்லது ஒண்ணாச்சும் சொல்லுங்களேன்" என்று நானே கேட்டேன்.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நல்லதச் சொல்லி, நாளைக்கு அது இல்லன்னா நீங்க என்னயத் தப்பா நெனைப்பீக. வேணாம் தாயி" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இம்புட்டு வருசமா கோர்ட்டுல ஒக்காந்திருக்கேன் அண்ணாச்சி. கூண்டுல ஏறுறவுக சத்தியம் பண்ணிட்டுச் சொல்றதுலயே பாதி பொய். கேக்காமலே இப்பிடி ஒரு வாக்குமூலம் நான் பாத்ததில்ல. வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். விலையைத் துண்டு போடாமல்தான் பேசினார்கள். பேச ஒன்றும் இல்லை, அவர் சொன்னது எங்கள் கைக்குள் அடங்கியது, வளையல் தப்பியது.

கோர்ட் திறந்த அன்று காலையில் சவரம் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை. நான் சோற்றுத் தூக்கைப் பின்சீட்டில் வைத்தேன். கம்பையும் வைத்தேன். வண்டி தெருவைத் தாண்டிக் கம்பம் ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. செல்ஃப் எடுக்குமா, மேட்டில் நின்றுவிட்டதா, ரெண்டாவது கியரை விட்டுவிட்டாரா என்று ஒரே படபடப்பு. சும்மா சொல்லக்கூடாது, அண்ணாச்சிக்கு என்னைவிட அதிகம். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, எங்கள் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வந்து நின்றுகொண்டார். மதினியும் பின்னாலேயே வந்து நின்றார். தெருவில் பாதிப் பேர் ஏதோ சோலியாய் வந்தது போல வந்து நின்றார்கள்.

பொழுது சாயும்போது பச்சைக் கார் வந்து நின்றது. அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. கோர்ட்டில் கேஸ் நம்பரைக் கூப்பிடுகிற அதே குரலில், "அண்ணாச்சி, இங்கன வாங்க" என்றார். "ஒரு விசயத்த மறச்சிட்டீக."

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. நான் அந்த மனிதரை அப்படிப் பார்த்ததே இல்லை. "என்ன சார்? பிரேக்கா?"

"பிரேக் நல்லா இருக்கு."

"சைலன்சரா? கழண்டுருச்சா? எனக்குத் தெரிஞ்சு இறுக்கமாத்தானே..."

"அதெல்லாம் இல்ல."

"வாய்விட்டுச் சொல்லிருங்க சார். வண்டிய எடுத்துக்கிறேன், பணத்தத் தந்துர்றேன். மறச்சேன்னு மட்டும் சொல்லாதீக."

"கோர்ட்டு வாசல்ல போய் நின்னேன். பியூன் வந்து கதவத் தெறந்துவிட்டான். எனக்கு எறங்க மனசு வரல. இப்ப வீட்டு வாசல்ல நிக்கிறேன், இப்பவும் எறங்க மனசு வரல. இப்பிடி ஒரு குறை இருக்குன்னு நீங்க சொன்னீகளா?"

தெருவே சிரித்தது. மதினி கைகொட்டிச் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் மனிதர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. காரின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லல சார். சொல்லியிருக்கணும்" என்றார். "எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. அதச் சொன்னா நீங்க வாங்கியிருக்க மாட்டீக."

சிரிப்பு நின்றுவிட்டது. மதினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, கம்பை ஊன்றி, கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அண்ணாச்சியின் சட்டைப் பையில் போட்டார்.

"ஞாயித்துக்கெழம கோர்ட்டு கெடையாது அண்ணாச்சி" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் எங்களிடம் இருந்தவரை, ஞாயிற்றுக்கிழமைகளில் அது எங்கள் வாசலில் நின்றதே இல்லை.